ஸ்பிட்ஃபயர் காலிப்பருக்கு மஞ்சள் பூச்சுதான் சரியா?

மலைக்கோட்டை68:
வணக்கம். கிருஷ்ணகிரியில் என் வீட்டுப் பின்கொட்டகையில் 1968ஆம் வருடத்து டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3 பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று கட்டை மேல் நிற்கிறது. பாடி வேலை முடிந்தது, எஞ்சின் ஓடுகிறது. இப்போது பிரேக். முன்சக்கரத்து டிஸ்க்கைப் பேடால் கவ்விப் பிடிக்கும் கர்லிங் கம்பெனி காலிப்பர் இரண்டையும் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துலக்கினேன். வெளியே முழுக்கத் துரு. ஆனால் காலிப்பரின் காது (போல்ட் மாட்டும் நீட்டல்) பிராக்கெட்டோடு ஒட்டியிருந்த முகத்திலும், பேட் உட்காரும் இடுக்கிலும் மங்கலாக ஒரு தங்க மஞ்சள் தெரிகிறது. வெளிச்சத்தில் திருப்பினால் பச்சையும் ரோஸுமாக ஓடுகிறது. ஃபேக்டரியில் இருந்து மஞ்சள் ஜிங்க் (துத்தநாக) பூச்சோடுதான் வந்திருக்கும் என்பது என் முடிவு. அப்படியே திரும்பச் செய்ய ஆசை. ஒரு கடையில் கறுப்பு பவுடர் கோட்டிங் (பொடியாகத் தூவிச் சுட்டெடுக்கும் பெயிண்ட்) போட்டுக்கொள், துருவே வராது என்கிறார்கள். என்ன செய்யலாம்?

தொப்பூர்இறக்கம்:
தம்பி, காலிப்பர் சக்கரத்துக்குள்ளே இருக்கிறது. யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள்? நான் தருமபுரி. என்னிடம் இருப்பது மதராஸில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு. உங்கள் வண்டிக்கு அண்ணன் முறை. ஹெரால்டு சேஸியைக் குட்டையாக்கித்தான் ஸ்பிட்ஃபயரே செய்தார்கள். சேலம் போகும்போதெல்லாம் தொப்பூர் கணவாய் இறங்குகிறேன். லாரிக்காரர்கள் பிரேக் பிடிக்காமல் மோதிய இடங்களைத் தாண்டித்தான் போக வேண்டும். அங்கே மஞ்சளா வெள்ளியா என்று யாரும் கேட்பதில்லை. புது சீல், புது பிஸ்டன், புது ஹோஸ். நிறத்தைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம்.

ஒரிஜினல்பித்தன்:
அண்ணா, சீல் மாற்ற வேண்டாம் என்று அவர் சொல்லவில்லையே. ஐம்பது வருடத்துக்கு மேல் தாங்கிய பூச்சின் அடையாளம் கண்ணுக்குத் தெரிகிறது. அதை அழித்துவிட்டுக் கறுப்பு அடித்தால் அடுத்தவனுக்கு அந்தத் தகவல் போய்விடும்.

ஆனால் மலைக்கோட்டை, உங்களுக்கும் ஒரு திருத்தம். அந்த மஞ்சள் ஜிங்க்காகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் வண்டிகளில் காட்மியம் பூச்சு சாதாரணம், அதன் மேலேயும் ஜிங்க்குக்குப் போடும் அதே மஞ்சள் குரோமேட் (துருவைத் தடுக்கும் மெல்லிய ரசாயனப் படலம்) ஏறும். நிறம் குரோமேட்டுடையது, அடியில் இருக்கும் உலோகத்துடையது அல்ல. இன்னொன்று, உங்கள் காலிப்பர் வண்டியோடு பிறந்ததுதானா? பிரிட்டனில் பழையதைக் கொடுத்துவிட்டு ரீகண்டிஷன் செய்த காலிப்பரை வாங்கி மாட்டும் வழக்கம் உண்டு. அப்படி வந்ததென்றால் அந்த மஞ்சள் ரீகண்டிஷன் செய்தவர் போட்டது. இடது, வலது இரண்டிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள்.

மலைக்கோட்டை68:
இரண்டிலும் ஒரே மாதிரிதான், ஒரே இடங்களில். வண்டி பெங்களூரில் ஒரு பழைய பங்களா ஷெட்டில் 1980களில் இருந்து ஓடாமல் கிடந்தது. அதற்கு முந்தைய கதை தெரியாது.

டீக்கடை_பைக்கர்:
பவுடர் கோட்டிங்தான் கெத்து. சிவப்பு போடுங்கள் 😀

ஓசூர்பட்டறை:
நான் பிளேட்டிங் வேலைதான் செய்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

பவுடர் வேண்டாம். ஜிங்க் பூச்சு 8, 10 மைக்ரான் (மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கனம் இருக்கும். பவுடர் 60 முதல் 100 மைக்ரான். காது பிராக்கெட்டோடு சேரும் முகத்தில் அந்தக் கனம் இருந்தால், சூட்டில் பவுடர் நசுங்கி போல்ட்டின் இறுக்கம் தளர்ந்துவிடும். பேட் நகரும் இடுக்கில் ஏறினால் பேட் சிக்கிக்கொள்ளும். அந்த இடங்களை எல்லாம் மறைத்துவிட்டு அடிக்கலாம்தான், ஆனால் அவ்வளவு பொறுமையாகச் செய்யும் கடையை நான் இன்னும் பார்க்கவில்லை.

காட்மியம் கேட்காதீர்கள். அது விஷம், புற்றுநோய் வரும். தொட்டித் தண்ணீரைச் சுத்திகரித்துக் கணக்குக் காட்ட வேண்டும். இரண்டு காலிப்பருக்காக எவனும் அந்தத் தொட்டியை வைத்திருக்க மாட்டான். “காட்மியம் போட்டுத் தருகிறேன்” என்று யாராவது உடனே தலையாட்டினால், ஜிங்க்கைப் போட்டுவிட்டுக் காட்மியம் விலை வாங்கப் போகிறார் என்று அர்த்தம்.

அப்புறம் ஒரு முக்கியமான விஷயம். உங்கள் காலிப்பர் வார்ப்பிரும்பு. அதில் கிராஃபைட் இருப்பதால் ஆல்கலைன் (காரம் கலந்த) ஜிங்க் தொட்டியில் பூச்சு ஒழுங்காகப் பிடிக்காது, திட்டுத்திட்டாக வரும். ஆசிட் குளோரைடு தொட்டி வைத்திருப்பவரிடம் கொடுங்கள். பேரலில் (சுழலும் பீப்பாய்) போட்டு உருட்ட விடாதீர்கள், கம்பியில் தொங்கவிடச் சொல்லுங்கள். மேலே மஞ்சளுக்கு இப்போது பெரும்பாலும் ட்ரைவேலண்ட் என்ற புது வகை குரோமியப் படலம்தான். அதில் மஞ்சள் சாயம் சேர்த்தால் எலுமிச்சை மாதிரி தட்டையாக இருக்கும். நீங்கள் சொன்ன பச்சை ரோஸ் மினுமினுப்பு பழைய ஹெக்ஸாவேலண்ட் குரோமேட்டில் வருவது.

தொப்பூர்இறக்கம்:
பட்டறைக்காரர் பூச்சு பற்றிச் சொன்னார். பூச்சு போடுவதற்கு முன்னால் ஆசிட்டில் முக்குவார்களே, அதைப் பற்றி என் அனுபவம்.

மூன்று வருடத்துக்கு முன் ஹெரால்டின் டிரம்மில் இருந்த எல்லாச் சாமானையும் ஒரு கடையில் ஜிங்க் போடக் கொடுத்தேன். லிவர், அட்ஜஸ்டர், ரிட்டர்ன் ஸ்பிரிங், எல்லாம் ஒரே டப்பாவில். பளபளவென்று வந்தது. மாட்டி டிரம்மை மூடிவிட்டுப் படுத்தேன். மறுநாள் சக்கரத்தைச் சுற்றினால் கடமுடவென்று சத்தம். திறந்தால் ஒரு ஸ்பிரிங் இரண்டாக உடைந்து கிடக்கிறது. வண்டி ஒரு அடி நகரவில்லை! ஆசிட்டிலும் தொட்டியிலும் ஹைட்ரஜன் இரும்புக்குள் போய், கெட்டி எஃகை மொறுமொறுவென்று ஆக்கிவிடும் என்பதை அன்றைக்குத்தான் கற்றேன். இழுத்து மாட்டிய பிறகு ஒரு மணி நேரம் கழித்தும் உடையும், ஒரு வாரம் கழித்தும் உடையும். அது கணவாயில் நடந்திருந்தால் நான் இங்கே எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

இப்போது சொல்லுங்கள் பித்தன், அந்தப் பளபளப்பு எதற்கு?

ஒரிஜினல்பித்தன்:
அண்ணா, அது பூச்சின் குற்றம் இல்லை, சுட்டு எடுக்காத கடைக்காரரின் குற்றம். பூச்சு போட்ட நான்கு மணி நேரத்துக்குள் ஓவனில் வைத்து 200 டிகிரி பக்கத்தில் பல மணி நேரம் சுட்டால் ஹைட்ரஜன் வெளியேறும்.

ஓசூர்பட்டறை:
சுடுவதற்கும் வரிசை உண்டு. முதலில் ஜிங்க், பிறகு ஓவன், அப்புறம்தான் மஞ்சள். மஞ்சளை முதலில் போட்டுச் சுட்டால் குரோமேட் படலம் வெடித்துத் துருத் தடுப்பு போய்விடும். வார்ப்பிரும்புக் காலிப்பருக்கு இந்தப் பயம் அவ்வளவு இல்லை. ஸ்பிரிங்குக்கும் கெட்டி போல்ட்டுக்கும்தான். ஸ்பிரிங் என்றால் நானே வேண்டாம் என்பேன். பெயிண்ட் போதும்.

தொப்பூர்இறக்கம்:
சரி, ஸ்பிரிங்கில் ஒத்துப்போகிறோம். ஆனால் காலிப்பரில் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. போல்ட்டால் சேர்த்த இரண்டு பாதியையும் பிரிக்காமல் தொட்டியில் போட்டால் நடுவில் பிரேக் ஆயில் போகும் துளையில் ஆசிட் தங்கும். பிரித்தால், பிரிக்காதே என்று பழைய ஒர்க்‌ஷாப் மேனுவல்களே எச்சரிக்கின்றன. நிறத்துக்காக இந்த ஆபத்தை எடுக்கச் சொல்கிறீர்களா?

ஒரிஜினல்பித்தன்:
அது நியாயமான கேள்வி. நடுவில் இருக்கும் சின்ன சீல் கிடைத்தால் பிரிக்கலாம், போல்ட்டைச் சரியான டார்க்கில் (முறுக்கு விசை) இறுக்கினால் போதும் என்பது என் கருத்து. இத்தனை வருடம் நின்ற ஆயில் அந்த நடு சீலைச் சும்மா விட்டிருக்குமா? பிரிக்காமல் விடுவதும் ஆபத்துதான்.

தொப்பூர்இறக்கம்:
அதில் உடன்பாடு இல்லை. கசியாத இணைப்பைக் கை வைத்துக் கசிய வைப்பானேன்?

மலைக்கோட்டை68:
இன்னொரு பக்கத்தில் இருந்தும் யோசித்தேன். 2021இல் வந்த விதிப்படி ஐம்பது வருடம் தாண்டிய வண்டியை விண்டேஜாகப் பதிந்து அதற்கான வி.ஏ. வரிசைப் பதிவு எண் வாங்கலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். அந்த எண்ணோடு தினசரி ஓட்டக்கூடாது, கண்காட்சி, ராலி, பராமரிப்பு இவற்றுக்குத்தான் சாலையில் எடுக்கலாம். அப்படிப் பார்த்தால் தோற்றத்துக்கும் மதிப்பு உண்டு.

தொப்பூர்இறக்கம்:
அந்த விதி சேஸி, பாடி, எஞ்சின் மாற்றத்தைத்தான் பேசுகிறது தம்பி. காலிப்பர் நிறத்தைப் பார்க்க யாரும் டார்ச் எடுத்துக்கொண்டு வரமாட்டார்கள். அந்த ராலிக்கும் ஏதாவது ஒரு மலை இறங்கித்தானே போவீர்கள்?

மலைக்கோட்டை68:
சரி, இப்படிச் செய்யப் போகிறேன். நடு சீலுக்கு ஆர்டர் போட்டாயிற்று. அது கைக்கு வரும்வரை போல்ட்டைத் தொடமாட்டேன். வந்த பிறகு பிரித்து, ஆசிட் குளோரைடில் ஜிங்க், மேலே மஞ்சள் ட்ரைவேலண்ட். எலுமிச்சை நிறமாக வந்தாலும் பரவாயில்லை. பின்சக்கர டிரம் ஸ்பிரிங்குகளுக்குப் பெயிண்ட் மட்டும். காதில் இருக்கும் பழைய மஞ்சளைப் போட்டோ எடுத்துக் கொட்டகைச் சுவரில் ஒட்டிவைக்கிறேன். சீல் வராவிட்டால் பிரிப்பதும் இல்லை, தொட்டியும் இல்லை, கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து அப்படியே மாட்டிவிடுவேன்.

ஒரிஜினல்பித்தன்:
காது முகம் இரண்டையும் பூச்சுக்கு முன் மணல் வீசித் தேய்க்க விடாதீர்கள். போட்டோவில் பக்கத்தில் ஒரு ஸ்கேல் வையுங்கள்.

தொப்பூர்இறக்கம்:
பிரிப்பதில் எனக்கு இன்னும் சம்மதம் இல்லை. ஆனால் பிரித்துத்தான் தீருவேன் என்றால், சேர்த்து இறுக்கிய பிறகு சக்கரத்தை மாட்டாதீர்கள். ஒரு ராத்திரி முழுக்க பிரேக் பெடலைக் கட்டையால் முட்டுக் கொடுத்து அழுத்தி வையுங்கள், கீழே பழைய பேப்பர் விரித்துவிட்டு. ஞாயிற்றுக்கிழமை என்றால் நானே வந்து பார்க்கிறேன், டார்ச்சோடு.