ஆக்டர்-மேனேஜர்: தமிழில் என்ன சொல்?

> விக்டோரியா கால நாடகம் பற்றிய ஆய்வேட்டில் 'நடிகர்-மேலாளர்' என்று எழுதியிருக்கிறேன். சரிதானே?

வேண்டாம் அம்மா. அந்தக் காலத்து 'மேனேஜர்' நம் அலுவலக மேலாளர் அல்லர். அரங்கைக் குத்தகைக்கு எடுப்பது, நாடகத்தைத் தேர்வது, சம்பளம் கொடுப்பது, முக்கிய வேடம் கட்டுவது, நட்டம் வந்தால் கையைச் சுட்டுக்கொள்வது எல்லாம் ஒரே ஆள். ஆங்கில நடிகர் ஹென்றி இர்விங் 1878இல் லண்டன் லைசியம் அரங்கை எடுத்து இப்படித்தான் நடத்தினார். அவரிடம் வரவுசெலவு, நிர்வாகம் பார்த்தவர் பிராம் ஸ்டோக்கர். ஆமாம், 'டிராகுலா' எழுதியவரேதான். இர்விங் மேலாளர் என்றால் ஸ்டோக்கர் யார்?

என் பரிந்துரை 'ஆடுமுதலாளி'. முதல் போட்டு, மேடையில் தானும் ஆடுபவர். வினைத்தொகை.

*

ஐயா, வினைத்தொகை சரி. ஆனால் தட்டச்சு செய்பவர் நடுவில் ஓர் இடம் விட்டால் போதும், இர்விங் ஆட்டுக்கிடை போடக் கிளம்பிவிடுவார். 1895இல் ஒரு நடிகருக்கென்று முதன்முதலாகக் கிடைத்த 'சர்' பட்டம் வேறு அவருடையது!

'நடிகமுதலாளி' என்றே வைப்போமே. நம் பழைய நாடகக் கம்பெனிகளில் 'முதலாளி' புழங்கிய சொல்தான். ஆண்பால், பெண்பால் சிக்கலும் இல்லை. 1831இல் லண்டன் ஒலிம்பிக் அரங்கை நடத்தத் தொடங்கிய நடிகை மேடம் வெஸ்ட்ரிஸுக்கும் பொருந்தும்.

*

> நடிகமுதலாளி

ஒரு தயக்கம். முதலாளி என்றால் பணக்காரர் என்றல்லவா படும்? நடிகை மேரி வில்டன் 1865இல் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் அரங்கைத் தொடங்கியது சகோதரியின் கணவரிடம் வாங்கிய 1000 பவுண்டு கடனில்.

*

கடன் வாங்கிப் பெட்டிக்கடை வைத்தவரையும் ஊரில் முதலாளி என்றுதானே கூப்பிடுகிறோம்? பணம் யாருடையது என்பதைவிட, நட்டம் யார் தலையில் என்பதே கேள்வி. 1899இல் லைசியம் ஒரு பங்கு நிறுவனத்தின் கைக்குப் போனது. அதன் பிறகும் இர்விங் அதே மேடையில் நடித்தார், ஆனால் முதலாளியாக அல்ல. அந்த இறக்கத்தை 'மேலாளர்' காட்டவே காட்டாது. இருபதாம் நூற்றாண்டு ஆங்கில நடிகர் லாரன்ஸ் ஒலிவியரையும் பாருங்கள். 1950இல் செயின்ட் ஜேம்ஸ் அரங்கை எடுத்து நடத்தியபோது நடிகமுதலாளி. 1963இல் தேசிய அரங்கக் குழுவைத் தொடங்கியபோது இயக்குநர்தான், முதலாளி அல்ல, ஏனென்றால் அங்கே அரசு மானியம்.

*

ஒப்புக்கொள்கிறேன், ஆட்டை ஓட்டிக்கொண்டு போகிறேன். ஆனால் அம்மா, உங்கள் மூன்றாம் இயலில் 'ஸ்டேஜ் மேனேஜர்' வருமே? அன்றைக்கு ஒத்திகை நடத்தியவரே அவர்தான், ஏறக்குறைய இன்றைய இயக்குநர். அதை 'மேடை மேலாளர்' என்று எழுதிவிடாதீர்கள். தனி இழையாகத் தொடங்குங்கள்.