கடைசி செம் முழுக்க ஓசூர் கம்பெனில ட்ரெயினிங், போலாமா வேணாமா?

பாலக்கோடு மெக்
தர்மபுரி பக்கம் ஒரு காலேஜ்ல பி.இ. மெக்கானிக்கல் ஃபைனல் இயர் படிக்கறேன். எட்டாவது செம்ல ப்ராஜெக்ட் மட்டும்தான், அதையே ஓசூர் சிப்காட்ல ஒரு கம்பெனில ட்ரெயினிங்கா பண்ணிக்கோன்னு ஹெச்ஓடி சொல்லிட்டார். வண்டி பார்ட்ஸ் மெஷினிங் பண்ற யூனிட், ஸ்டைபண்ட் உண்டு, கேன்டீன் உண்டு, ரூம் நாமதான் பாத்துக்கணும். அப்பா என்னடான்னா ராயக்கோட்டை வழியா தினம் பஸ்ல போயிட்டு வந்துடுங்கறார். போன வருஷம் போன சீனியர் "ஜாப்பை, அதான் பார்ட்டை, மெஷின்ல மாட்டு, பட்டன் அமுக்கு, கழட்டு, இதையே ஆறு மாசம் பண்ணேன்டா"ன்னு பயமுறுத்தறார். கனடால வாட்டர்லூ யுனிவர்சிட்டில நாலு மாசம் கிளாஸ் நாலு மாசம் வேலைன்னு மாத்தி மாத்தி கோ-ஆப் இருக்காம். நம்ம பக்கம் அந்த மாதிரி உருப்படியா ஏதாவது கத்துக்க முடியுமா?

சாண்ட்விச் டிப்ளமோ
அதுக்கு ஏன் தம்பி கனடா வரைக்கும் போற, நம்ம பாலிடெக்னிக்லயே மூணரை வருஷ சாண்ட்விச் கோர்ஸ் இருக்கே, நாலாவது செம்லயும் ஏழாவது செம்லயும் கம்பெனிக்கு அனுப்புவாங்க, நான் அதுல வந்த ஆளுதான். முதல் வாட்டி போனா தலையும் புரியாது வாலும் புரியாது, திரும்பி வந்து கிளாஸ்ல உக்காரும்போதுதான் ஓ இதுக்குத்தான் அங்க அப்படி பண்ணாங்களான்னு விளங்கும், அடுத்த வாட்டி கேள்வி கேக்கற தைரியம் வரும். உனக்கு ஒரே வாட்டி, அதுவும் கடைசில. அதனால ட்ராயிங் படிக்க, டாலரன்ஸ் (சைஸ் எவ்வளவு கூடலாம், குறையலாம்ங்கற வரம்பு) பாக்க இப்பவே பழகிக்கோ. பஸ் கதையெல்லாம் ஆகாது, ஏ ஷிப்ட்னா காலைல 6 மணிக்கு மெஷின் முன்னாடி நிக்கணும். மூக்கண்டப்பள்ளி பக்கம் ஷேரிங் ரூம் பாரு.

க்யூசி அக்கா
நான் ஓசூர்ல குவாலிட்டில இருக்கேன், பட்டன் அமுக்கற இடத்துலயும் விஷயம் இருக்கு தம்பி. எங்ககிட்ட வந்த ஒரு பையனை போரிங் மெஷின்ல, அதாவது பார்ட்ல ஓட்டையை குடைஞ்சு சைஸுக்கு கொண்டு வர்ற மெஷின்ல, போட்டாங்க. ஓட்டை (போர்) சைஸ் ட்ராயிங்ல 25 எச்7, அதாவது 25.000லேர்ந்து 25.021 மி.மீ. வரைக்கும் ஓகே. எல்லாரும் ப்ளக் கேஜ்னு ரெண்டு முனை இருக்கற அளவுக்கட்டையை விட்டு, சின்ன முனை (கோ) உள்ள போகுதா, பெரிய முனை (நோ-கோ) போகாம நிக்குதான்னு பாத்து ட்ரேல வச்சிடுவாங்க, இவன் மட்டும் ஓட்டை சைஸை முள்ளுல காட்டற போர் கேஜ் வாங்கி ரீடிங்கை நோட்டுல எழுதி கிராப் போட்டான். இன்சர்ட் (வெட்டற முனை) தேயத்தேய சைஸ் கொஞ்சம் கொஞ்சமா இறங்குது, 25.016ல ஆரம்பிச்சது 25.004க்கு வந்து நிக்குது. கோ கேஜ் இறுக்கற வரைக்கும் ஏன் காத்திருக்கணும், முன்னாடியே மெஷின்ல ஆஃப்செட் குடுத்து, தேஞ்ச அளவுக்கு டூலை நகத்திடலாமேன்னு கேட்டான். ஆபரேட்டர் அண்ணனுக்கு அது சத்தத்துலயே தெரியும், ஆனா அவர் லீவு போட்டா அடுத்தவனுக்கு தெரியாதே! அதையே ப்ராஜெக்ட்டா முடிச்சிட்டு போனான்.

கிருஷ்ணகிரிக்காரன்
அக்கா சொல்றது நல்ல கம்பெனில நடக்கும். நான் போன இடத்துல கான்ட்ராக்ட் ஆளு வரலன்னா அந்த லைன்ல ட்ரெயினிதான், கைடுன்னு ஒருத்தர் பேருக்குகூட கிடையாது, ஓவர்டைம் பாத்தா காசும் கிடையாது. அதனால சேர்றதுக்கு முன்னாடி எந்தெந்த டிபார்ட்மென்ட், எத்தனை மாசம், கைடு யாருன்னு மெயில்ல வாங்கிக்கோ, வாய்ல சொல்றதை நம்பாத. இன்னொண்ணு, ஹெச்ஆர் இதையே "அப்ரண்டிஸ்"னு சொன்னா ஏமாறாத. 1961 அப்ரண்டிஸ் சட்டத்துல வர்ற கிராஜுவேட் அப்ரண்டிஸ் டிகிரி முடிச்ச பிறகு ஒரு வருஷம், அதுக்கு ரிஜிஸ்டர் பண்ண கான்ட்ராக்ட் இருக்கும். 2019ல மாத்தின விதில குறைஞ்சபட்ச ஸ்டைபண்ட் 9,000 ரூபான்னு வச்சாங்க, அதுல பாதி அரசாங்கம் கம்பெனிக்கு திருப்பி குடுத்துச்சு. இது வேற, அது வேற.

பாலக்கோடு மெக்
ஹெச்ஆர்க்கு போன் பண்ணேன் அண்ணா. முதல்ல ப்ரொடக்‌ஷன், அப்புறம் குவாலிட்டி, கடைசில டூல் ரூம்னு சொன்னாங்க, மெயில் கேட்டதுக்கு கொஞ்சம் இழுத்துட்டு அனுப்பறேன்னாங்க. வந்தாதான் சேருவேன். அக்கா, போர் கேஜ் எங்க லேப்ல பெட்டியோட இருக்கு, யாரும் திறந்தே பாத்ததில்ல.

க்யூசி அக்கா
கூட செட்டிங் ரிங் (ஜீரோ வைக்கறதுக்கு சரியான சைஸ்ல இருக்கற வளையம்) இருக்கான்னு பாரு. அது இல்லன்னா மைக்ரோமீட்டரை 25ல லாக் பண்ணி அதுல ஜீரோ வச்சு பழகு, கேஜை ஓட்டைக்குள்ள விட்டு ஆட்டும்போது முள்ளு திரும்பற இடம்தான் ரீடிங்.