85 டிகிரி காட்டிய மீன் தொட்டி: நிரலில் தேடி, கம்பியில் கண்டுபிடித்த அனுபவங்கள்

மகளின் மீன் தொட்டிக்கு ஒரு வெப்பமானி செய்து கொடுத்தேன். வைஃபை உள்ள குட்டி கணினிப் போர்டான இஎஸ்பி8266 ஒன்று, தண்ணீர் புகாத உறை போட்ட டிஎஸ்18பி20 வெப்பச் சென்சார் ஒன்று, டேட்டா கம்பிக்கும் 3.3 வோல்ட்டுக்கும் நடுவே 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர். நிமிடத்துக்கு ஒருமுறை படித்து வைஃபை வழியாக என் கணினிக்கு அனுப்பும், அங்கே வரைபடமாக ஓடும். இரண்டு வாரம் 26, 27 என்று அழகாக ஓடியது. பிறகு ஒரு காலையில் மகள் வந்து, "அப்பா, ராத்திரி தண்ணி 85 டிகிரிக்குப் போயிருக்கு, மீனுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்டாள். மீன்கள் நன்றாகத்தான் இருந்தன. வரைபடத்தில் மட்டும் ஊசி மாதிரி ஒரு முனை.

உடனே நிரலைத் திறந்தேன். இந்த சென்சார் 12 பிட்டில், அதாவது அதன் மிக நுணுக்கமான அளவில், அளக்க 750 மில்லிசெகண்ட் வரை எடுத்துக்கொள்ளும். அதற்குள் படித்துவிட்டேனோ என்று காத்திருப்பை ஒரு செகண்டாகக் கூட்டினேன். மறுநாளும் 85. சென்சாரைப் படிக்கும் நிரல் தொகுப்பை (லைப்ரரி) மாற்றினேன். அப்போதும் 85. பொறுமை போய், '85 வந்தால் கணக்கில் எடுக்காதே' என்று ஒரு வரி எழுதி முடித்துவிட்டேன்.

அந்த வரிக்காக இன்னும் வருந்துகிறேன். ஏனென்றால் அது குப்பை எண் அல்ல. டிஎஸ்18பி20-க்கு மின்சாரம் வந்ததும், முதல் அளவை எடுத்து முடிக்கும்வரை அதன் நினைவகத்தில் இருப்பது 85தான். தயாரித்தவர்களின் விவரக் குறிப்பிலேயே (டேட்டாஷீட்) எழுதியிருக்கிறது. அதாவது, 'இப்போதுதான் விழித்தேன்' என்று சென்சார் என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தது. நடு இரவில் அதற்கு ஏன் மின்சாரம் போய்த் திரும்பியது என்று நான் யோசித்திருக்க வேண்டும்.

பத்து நாளில் போர்டே தானாக ரீஸ்டார்ட் ஆக ஆரம்பித்தது. மல்டிமீட்டர் 3.28 வோல்ட் என்று அசையாமல் காட்டியது. அதை நம்பி இன்னும் ஒரு வாரம் நிரலையே குடைந்தேன். கடைசியில் நண்பர் ஒருவர், வோல்ட் கணத்துக்குக் கணம் மாறுவதை வரைந்து காட்டும் ஆசிலாஸ்கோப் கொண்டுவந்து மாட்டியபோதுதான் விஷயம் தெரிந்தது. வைஃபையில் அனுப்பும்போது இந்தச் சிப் கண நேரத்துக்கு 300 மில்லியாம்ப் அளவுக்கு இழுக்கும். அந்தக் கணத்தில் 3.3 வோல்ட் சில சமயம் 3-க்குக் கீழே இறங்கி ஏறியது. சென்சாருக்கோ குறைந்தது 3 வோல்ட் வேண்டும். மல்டிமீட்டர் சராசரியைக் காட்டுவதால் இந்தப் பள்ளம் அதில் தெரியவே இல்லை. காரணம், நான் மாட்டியிருந்த மெல்லிய, நீளமான யூஎஸ்பி கேபிள். குட்டையான தடித்த கேபிளாக மாற்றி, போர்டுக்குப் பக்கத்திலேயே கொஞ்சம் மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் 470 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றும் வைத்தேன் (கோடு போட்ட பக்கம் நெகட்டிவ், அதைப் பார்த்துத்தான் மாட்ட வேண்டும்). ரீஸ்டார்ட் நின்றது.

உங்களிடமும் இப்படி ஒன்று இருக்கும். எழுதுங்கள்.

* * *

என்னுடையது சின்ன விஷயம், ஆனால் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்றது. அப்பாவின் பழைய கணினியில் சில காலைகளில் எந்த இணையதளமும் திறக்காது, 'பாதுகாப்பற்ற இணைப்பு' என்று மட்டும் வரும். சில நாட்களில் ஒரு குறையும் இருக்காது. வைரஸ் என்று நினைத்து இயங்குதளத்தையே இரண்டு முறை புதிதாக நிறுவினேன். மூன்றாவது வாரம் அப்பாதான், "ஏம்ப்பா, இதுல தேதி வேற என்னவோ காட்டுதே" என்றார்.

அவர் இரவில் சுவிட்ச் போர்டிலேயே அணைத்துவிடுவார். அதன்பின் கடிகாரத்தை ஓட்டுவது மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரி மட்டும்தான். 3 வோல்ட் இருக்க வேண்டியதில் 2.1 இருந்தது. தேதி பல வருடம் பின்னால் போனால், தளம் உண்மையானதுதான் என்று உலாவிக்குக் காட்டும் சான்றிதழ்கள் எல்லாம் 'இன்னும் செல்லுபடியாகத் தொடங்காதவை' ஆகிவிடும். இணையத்திலிருந்து நேரம் சரியாகிவிட்ட நாட்களில் எல்லாம் திறந்திருக்கிறது. அதுதான் என்னைக் குழப்பியது.

* * *

85-ஐப் படித்ததும் எங்கள் வீட்டு ரவுட்டர் ஞாபகம் வந்தது. தினமும் மாலையில், எல்லோரும் வீடு திரும்பியதும் அணைந்து அணைந்து எரியும். ஃபர்ம்வேரை (ரவுட்டருக்குள் இருக்கும் மென்பொருள்) மாற்றினேன், வைஃபை சேனலை மாற்றினேன், பலனில்லை. அடாப்டரை அளந்தேன், 12 வோல்ட் சரியாகவே இருந்தது. மூடியைக் கழற்றிப் பார்த்தால் 1000 மைக்ரோஃபாரட், 16 வோல்ட் கெபாசிட்டர் ஒன்றின் தலை உப்பியிருந்தது. ஆட்கள் கூடினால் வேலை கூடும், சூடும் கூடும். அப்போது அதனால் தாக்குப்பிடிக்க முடியவில்லை.

மாற்றுவதில்தான் நிறையக் கற்றேன். பாகங்களைப் பற்றவைக்கும் உலோகமான சால்டர், வழக்கமான ஈயமில்லாத ரகமாக இருந்தால், உருக சுமார் 217 டிகிரி வேண்டும். என் சால்டரிங் அயர்னுக்கு அந்தத் தடித்த செம்புத் தளத்தைச் சூடாக்க முடியவில்லை. ஈயம் கலந்த 63/37 சால்டரைக் கொஞ்சம் அதன்மேல் உருக்கிச் சேர்த்தேன். அது 183 டிகிரியிலேயே உருகும். இரண்டும் கலந்ததும் கால்கள் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தன. புதியதற்கு அதே மைக்ரோஃபாரட், அதே வோல்ட் அல்லது அதற்கு மேல், 105 டிகிரி வரை தாங்கும் ரகம்.

ஒன்று சொல்லியே ஆக வேண்டும். இது 12 வோல்ட் போர்டு என்பதால் கை வைத்தேன். மெயின் மின்சாரம் நேராக நுழையும் பவர் சப்ளையை நான் திறப்பதில்லை. 230 வோல்ட் ஏசியை டிசியாக மாற்றும்போது உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டரில் 325 வோல்ட் வரை தேங்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே இருக்கும். தயவுசெய்து யாரும் துணிந்து பார்க்க வேண்டாம்.

* * *

தொடங்கியவன் மறுபடியும். அப்பாவின் கணினி அனுபவத்தைப் படித்ததும் எழுந்துபோய் அந்த '85 வந்தால்' வரியை நிரலிலிருந்து நீக்கிவிட்டேன். கேபிள் மாற்றிய பிறகும் அது அங்கேயே கிடந்தது, மறந்தே போயிருந்தேன். இனி 85 வந்தால் வரைபடத்தில் விழட்டும். மகளிடமும் சொல்லிவிட்டேன்: ஊசி தெரிந்தால் முதலில் மீனைப் பார், அப்புறம் என்னைக் கூப்பிடு.