விறகு பாய்லரின் மிகைவெப்பப் பாதுகாப்பு: வயரிங் குறித்து உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் உள்ள எங்கள் பழைய வீட்டில், எரிவாயு பாய்லரோடு விறகு பாய்லர் ஒன்றும் அறைகளைச் சூடாக்கும் அதே ரேடியேட்டர்களுக்குச் சுடுநீர் தருகிறது. விறகை ஸ்விட்சைத் தட்டி அணைக்க முடியாது என்பதால், குழாய் நீர் 85 டிகிரி செல்சியஸைத் தாண்டினால், அறைத் தெர்மோஸ்டாட் அணைந்திருந்தாலும் ரேடியேட்டர்களுக்கு நீரை விடும் மோட்டார் வால்வு திறந்து, பம்ப் ஓடி, அந்த வெப்பம் வெளியேற வேண்டும்.

சிக்கல் இதுதான். குழாயில் கட்டிய தெர்மோஸ்டாட்டின் மின்சாரத்தை வால்வின் பழுப்பு வயரில் (வால்வைத் திறக்க வைக்கும் வயர்) நேரடியாகக் கொடுத்தால், அது டைமர் பக்கம் பின்னோக்கிப் பாய வாய்ப்புண்டு. வால்வு திறந்ததும், பாய்லரை இயக்கச் சொல்லும் ஆரஞ்சு வயரில் மின்சாரம் வந்து எரிவாயு பாய்லரும் பற்றிக்கொள்ளும். எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றிய கதைதான்.

ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) ஒன்றை வைத்து, அதன் ஒரு முனையால் (pole) பழுப்பு வயரை அறைத் தெர்மோஸ்டாட்டிலிருந்து நிரந்தர மின்சாரத்துக்கு மாற்றி, மறு முனையால் ஆரஞ்சு வயரைத் துண்டிக்கலாம் என நினைக்கிறேன். பம்புக்கு மூன்றாவது முனை தேவைப்படுமா, அல்லது இரு முனை ரிலேயே போதுமா?

மின்தடையில் ஸ்பிரிங் வால்வு மூடிவிடும் என்பது தெரியும். அப்போதும் வெப்பம் வெளியேறுவதற்காகவே வால்வு இல்லாத குளியலறை ரேடியேட்டர் ஒன்று 28 மி.மீ. குழாயில் பம்ப் இன்றித் தானாகச் சுழலும்படி உள்ளது. இணைப்பை எலக்ட்ரீஷியன்தான் செய்வார். அவரிடம் கொடுக்கச் சரியான வரைபடம் வேண்டும். இதே அமைப்பைச் செய்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாவேன்.