தோட்டத்து முகவரியில் நிற்கும் வாக்காளர்கள்: வழிகாட்டுங்கள்

குழு அன்பர்களுக்கு வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தோட்டத்து லயத்தை (தொழிலாளர் வரிசை வீடுகளை) விட்டுத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளுக்குக் குடிபெயர்ந்த சில குடும்பங்களுக்காக இந்த உதவியைக் கேட்கிறேன். 2021 டிசம்பர் 15 முதல் 18 வயது நிறைந்த குடிமக்கள் தாமாகவே வாக்காளர்களாகப் பதிவாகிறார்கள் என்பது பெரிய ஆறுதல். ஆனால், அந்தப் பதிவு அடையாள அட்டையிலுள்ள முகவரியை வைத்தே நடப்பதால், எங்கள் பிள்ளைகள் பலருக்கு எப்போதோ விட்டுவந்த தோட்டத்தின் தொகுதியே இன்னும் வாக்குரிமைத் தொகுதியாக இருக்கிறது.

தேசியப் பதிவிலாகாவில் முகவரியை மாற்றிய பிறகு, தேர்தல் ஆணையத்திடம் தொகுதி மாற்றத்துக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அட்டையை மாற்றியதோடு வேலை முடிந்தது என்று பலர் நம்பியிருப்பதுதான் என் கவலை. அந்த விண்ணப்பங்கள் துணை வாக்காளர் பட்டியலாகப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டு, ஆட்சேபங்கள் விசாரிக்கப்பட்டு, அரசிதழில் வெளியான பின்னரே செல்லுபடியாகும் என்பதால், நாடாளுமன்றம் கலைந்த பின் ஓடுவதில் பயனில்லை. (குடியுரிமை இல்லாமல், நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு அடையாள அட்டை வைத்திருக்கும் முதியவர்களுக்கு வாக்குரிமையே இல்லை, அந்த வேதனை தனி.)

அண்மையில் இணையம் வழியாகத் தொகுதி மாற்றம் செய்தவர்கள் அதன் படிகளைத் தமிழில் எழுதித் தர முடியுமா? மின்சாரக் கட்டண ரசீது தம் பெயரில் இல்லாத வாடகைக் குடியிருப்பாளர்கள் முகவரி மாற்றத்தின்போது எதைக் காட்டினார்கள்? திறன்பேசி இல்லாத பெரியவர்களுடன் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் அமர்ந்து, அவர்களுடைய வாக்களிப்பு மையத்தைச் சரிபார்த்துத் தரக்கூடிய இளைஞர்கள் இருந்தால், தயவுசெய்து இங்கேயே தெரிவியுங்கள்.