எடைக்குறைப்பு அறுவைக்கு முன் புகை நிறுத்தியதை எப்படி உறுதி செய்கிறீர்கள்?

வணக்கம். ஆபரேஷனுக்குக் குறைந்தது 6 வாரம் முன்பே சிகரெட்டை விடச் சொல்கிறோம். நிகோட்டின் ரத்தக்குழாயைச் சுருக்கும். தையல் ஆறாமல் கசியலாம். இரைப்பை பைபாஸில் (இரைப்பையைச் சிறு பையாக்கிச் சிறுகுடலோடு இணைக்கும் அறுவை) இன்னும் மோசம்: இரைப்பைப் பையும் சிறுகுடலும் சேரும் இடத்தில் மாதங்கள் கழித்தும் புண் வரும், சிலருக்கு ஓட்டையே விழும். அதனால் பிறகும் தொடக்கூடாது.

சிக்கல் என்னவென்றால், நிகோட்டின் சூயிங்கம் மெல்பவருக்கும் சிறுநீரில் கோட்டினின் (உடலில் நிகோட்டின் மாறி உண்டாகும் பொருள்) பாசிட்டிவ்தான். மூச்சில் கார்பன் மோனாக்சைடு (எரியும் புகையிலிருந்து வருவது) பார்த்தால் கம் குழப்பாது. ஆனால் அது ஒரே நாளில் இறங்கிவிடும், முந்தாநாள் பிடித்தது தெரியாது. வேப் (இ-சிகரெட்) பிடிப்பவரும் தப்பிவிடுவார்.

கம் மெல்பவர்களுக்கு எதை வைத்து முடிவு செய்கிறீர்கள்? சிறுநீரில் அனபேசின் (புகையிலையில் உண்டு, கம்மில் இல்லை) பார்ப்பவர்கள் உண்டா? கம்மை எப்போது நிறுத்தச் சொல்கிறீர்கள்?