புதுப்பிப்பு: கேர்னல் பனிக் தீர்ந்தது, பிழை என்னுடையதுதான்

போன கிழமை எழுதியது ஞாபகம் இருக்கும்: டெபியன் லினக்ஸில் நானே கம்பைல் செய்த கேர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி), ரூட்டை (சிஸ்டம் கோப்புகள் இருக்கும் பார்ட்டிஷனை) மவுண்ட் செய்ய முடியவில்லை, 'அன்நோன் பிளொக் 0,0' என்று சொல்லி உறைந்து நிற்கிறது, இதுதான் கேர்னல் பனிக். என்விஎம்இ டிஸ்க்கின் டிரைவரைக் கேர்னலுக்குள்ளேயே சேர்க்காமல் மொடியூலாக (தனிக் கோப்பாக) விட்டிருப்பாய் என்றீர்கள். பாதி சரி.

நேற்று இரவு கோண்டாவிலில் நல்ல மழை, இரண்டு தரம் கரண்ட் போய் வந்தது. கணினி தொடங்கும்போது வரும் கிரப் மெனுவில் பழைய கேர்னலைத் தெரிவுசெய்து உள்ளே போய்ப் பார்த்தால், கேர்னல் கோப்புகள் இருக்கும் பூட் பார்ட்டிஷன் 100 சதவீதம் நிரம்பிக் கிடக்கிறது. நான் கொடுத்ததே 512 எம்பிதான். டிபக் தகவலோடு (பிழை தேட உதவும் கூடுதல் தரவு) மொடியூல்களை நிறுவியதால் இனிட்ராம்எஃப்எஸ் (பூட் ஆகும்போது கேர்னலுக்குத் தேவையான மொடியூல்களை வைத்திருக்கும் கோப்பு) ஊதிப் பெருத்து, எழுத இடமில்லாமல் பாதியில் கைவிடப்பட்டிருக்கிறது. அந்தப் பிழைவரி அன்றைக்கே திரையில் ஓடியிருக்கும், நான்தான் தேத்தண்ணி போடக் குசினிக்குப் போய்விட்டேனே! டிரைவர் மொடியூலாக இருந்து இனிட்ராம்எஃப்எஸும் இல்லையென்றால் கேர்னலுக்கு டிஸ்க் எப்படித் தெரியும்?

செய்தது இவ்வளவுதான்: தேவையில்லாத ஒரு பழைய கேர்னலை நீக்கினேன் (ஓடிக்கொண்டிருப்பதைத் தொடவில்லை), மொடியூல்களை ஸ்ட்ரிப் செய்து (டிபக் தகவலை நீக்கி) திரும்ப நிறுவினேன், இனிட்ராம்எஃப்எஸைப் புதிதாக உருவாக்கினேன், அப்புறம் கிரப்பைப் புதுப்பித்தேன். இந்த ஒழுங்கு முக்கியம், கிரப்பை முதலில் புதுப்பித்தால் அதன் மெனுவில் புதிய கேர்னலுக்கான பதிவில் இனிட்ராம்எஃப்எஸ் வரியே இருக்காது.

இப்போது பூட் ஆகிறது. வைஃபை மட்டும் இன்னும் இல்லை, கேர்னல் கன்ஃபிக்கில் (அமைப்புக் கோப்பில்) எதையோ அணைத்துவிட்டேன் போல. இன்றிரவு பார்க்கிறேன்.